நெடுந்தொடரில் பழைய கதையை எதுவரை திருத்தலாம்?

அறுபது ஆண்டுகளாக ஓடும் ஒரு நெடுந்தொடரில் கதை முன்னுக்குப் பின் முரணாகப் போனால் அது எழுதியவர்களின் தவறா, அல்லது 'சீரியலில் போய்க் கணக்குப் பார்க்கலாமா' என்பவர்கள் பக்கம்தான் நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். தங்கள் கதையையே மறந்துவிடும் அளவுக்கு எழுத்தாளர்கள் ஏன் கவனமில்லாமல் இருக்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு கட்சியிலும் நான் இருந்திருக்கிறேன். யார் எப்போது பிறந்தார், யாருக்கு எந்த ஆண்டு கல்யாணம், யார் யாரிடம் எதை மறைத்தார் என்று நோட்டுப் போட்டு எழுதிவைத்து வாதாடிய காலம் உண்டு. கதைதானே, போகட்டும் என்று விட்டுவிட்ட காலமும் உண்டு. இரண்டிலும் மனம் நிலைக்கவில்லை. இப்போது ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன். புதிதாகச் சொல்லும் கதை, திரையில் காட்டாமல் விட்ட இடத்தில் வந்து உட்காருகிறதா, அல்லது நாம் கண்ணால் பார்த்ததைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறதா? முதல் வகை எவ்வளவு துணிச்சலாக இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாவதை, தேதியெல்லாம் கச்சிதமாகப் பொருந்தினாலும், என்னால் ஏற்க முடிவதில்லை.

இந்த இரண்டுக்கும் ஒவ்வொரு எடுத்துக்காட்டு இருக்கிறது. இரண்டுமே அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களின் உச்ச நட்சத்திரங்கள் சம்பந்தப்பட்டவை என்பதால் ரசிகர்கள் இன்றும் இவற்றைத்தான் இழுக்கிறார்கள்.

'ஜெனரல் ஹாஸ்பிடல்' 1963 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. அதில் லூக், லாரா கல்யாணத்தை 1981 நவம்பரில் அமெரிக்காவில் சுமார் 3 கோடிப் பேர் பார்த்தார்கள். கல்யாணம் முடிந்த சில மாதங்களில், லாராவாக நடித்த ஜீனி ஃபிரான்சிஸ் விலகிக்கொண்டார். கதையில் லாரா காணாமல் போனாள். இறந்துவிட்டதாக லூக் நம்பினான். 1983-ல் திரும்பி வந்தாள். நடுவில் காசடைன் குடும்பத்தின் பிடியில் இருந்தாள் என்று சொன்னார்களே தவிர, அந்த மாதங்களை நமக்குக் காட்டவில்லை. கதையில் அது ஒரு இருட்டறையாகவே கிடந்தது.

1996-ல் தொடரை எழுதியவர்கள் அந்த அறையின் கதவைத் திறந்தார்கள். லாராவின் குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை தேவைப்படுகிறது. வீட்டில் யாருடையதும் பொருந்தவில்லை. நிக்கலஸ் காசடைன் என்ற இளைஞன் வந்து நிற்கிறான். சிறையிருந்த காலத்தில் லாராவுக்குப் பிறந்த மகன் அவன். தப்பி வந்தபோது அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதைக் கணவனிடம் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லவில்லை. 1983-ல் இதைப் பற்றி எவரும் யோசித்திருக்கவில்லை என்பது நிச்சயம். ஆனாலும் பழைய எபிசோடுகளைத் திரும்பப் பார்த்தால், திரும்பி வந்த லாராவின் முகத்தில் தெரியும் கலக்கத்துக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. பார்த்த எதுவும் பொய்யாகவில்லை. பார்த்தவற்றின் எடை கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

தேதிக் கணக்கு இடிக்கிறதா என்று கேட்டால், நன்றாகவே இடிக்கிறது. 1983-ஐ ஒட்டிப் பிறந்தவன் 1996-ல் பதின்மூன்று வயதுச் சிறுவனாக இருக்க வேண்டும். வந்தவனோ வளர்ந்த வாலிபன். அவனாக நடித்த டைலர் கிறிஸ்டோபருக்கு அப்போது 23 வயது. இந்த ஓட்டையை எல்லோரும் கண்டார்கள். பெரும்பாலோர் பொறுத்துக்கொண்டார்கள். கணக்கில் இடித்த கதை மனத்தில் இடிக்கவில்லை.

அடுத்தது எரிகா. 'ஆல் மை சில்ரன்' தொடரை 1970-ல் தொடங்கியவர் ஆக்னஸ் நிக்சன். சூசன் லூச்சி நடித்த எரிகா கேன் அதன் உயிர்நாடி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ஏற்றுத் தீர்ப்பு வழங்கிய அதே 1973-ல், எரிகா கருவைக் கலைத்தாள். கணவனிடம் சொல்லாமல், தன் மாடலிங் வாழ்க்கைக்காக அவள் எடுத்த முடிவு. சட்டப்படியான கருக்கலைப்பைக் கதைக்குள் கொண்டுவந்த முதல் அமெரிக்க நெடுந்தொடர் என்று தொலைக்காட்சி வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு. அந்த முடிவைச் சரி என்றவர்களும் தவறு என்றவர்களும் இருந்தார்கள். இரு தரப்புக்கும் எரிகா என்றால் அந்த முடிவை எடுத்த பெண். அதன் பிறகு முப்பது ஆண்டுகள் அவளுடைய பிடிவாதம், பயம், தாய்மை எல்லாம் அந்த முடிவின் நிழலில்தான் எழுதப்பட்டன.

2005-ல் ஜாஷ் மேடன் என்ற இளைஞன் கதைக்குள் வருகிறான். கொஞ்ச காலம் கழித்து உண்மை வெளிவருகிறது. 1973-ல் எரிகாவுக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் கருவைக் கலைக்கவே இல்லையாம். அதை எடுத்துத் தன் மனைவியின் கருப்பையில் வைத்துவிட்டாராம். அந்தப் பிள்ளைதான் இவனாம். மருத்துவத்தில் அப்படி ஒன்று சாத்தியமே இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. இந்தத் தொடர்களின் மருத்துவத்தில் இதைவிடப் பெரிய அற்புதங்களைப் பார்த்தாயிற்று. வயதுக் கணக்கும் ஏறக்குறையப் பொருந்துகிறது. 1973-ல் கருவில் இருந்தவன் 2005-ல் முப்பதைத் தாண்டியவன். நிக்கலஸைவிட நேர்த்தியான கணக்கு. இருந்தும் ரசிகர்கள் கொதித்தார்கள். நானும் கொதித்தேன், இன்றும் அந்தக் கோபம் தணியவில்லை. ஒரு பெண் தன் உடலைப் பற்றி எடுத்த முடிவை, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மருத்துவரின் திருட்டுத்தனமாக மாற்றினார்கள். அவள் எதையும் முடிவு செய்யவில்லை, அவளுக்குத் தெரியாமல் யாரோ முடிவு செய்தார் என்று ஆக்கினார்கள். அதற்குப் பெயர் திருத்தம் இல்லை. அவளையே அவளிடமிருந்து எடுத்துக்கொண்ட வேலை.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேதி பொருந்தாத கதை நின்றது. பொருந்திய கதை நிற்கவில்லை. ரசிகர் சண்டைகளில் பாதி, வயதையும் ஆண்டையும் பிடித்துக்கொண்டு நடப்பதால்தான் முடிவுக்கு வருவதில்லை.

வயதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகப் பார்க்கிறவர்களை முதலில் உறுத்துவது அதுதான். 'தி யங் அண்ட் த ரெஸ்ட்லெஸ்' தொடரில் நிக்கலஸ் நியூமன் 1988 டிசம்பர் 31 அன்று திரையிலேயே பிறந்தான். பையனை வெளிநாட்டு விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1994-ல் பதினாறு வயதுக்காரனாகத் திரும்பி வந்தான். குழந்தையை வைத்துக் காதல் கதை எழுத முடியாது என்பது வெளிப்படையான காரணம். அதற்கும் அடியில் ஒன்று உண்டு. இந்தத் தொடர்களில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒரே நாளின் காலையும் மாலையும் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து எபிசோடுகளுக்கு நீளும். ஆனால் கிறிஸ்துமஸ் மட்டும் டிசம்பர் 25-ஐ ஒட்டித்தான் வரும். ஓர் ஆண்டில் சுமார் 250 எபிசோடுகள் ஒளிபரப்பாகும். அவற்றில் நடந்த நாட்களை எண்ணினால் ஓர் ஆண்டு தேறாது. ஆகவே 'அவனுக்கு இப்போது என்ன வயது' என்ற கேள்விக்குத் தொடருக்குள்ளேயே ஒரே விடை கிடையாது. இல்லாத விடைக்காக நண்பர்கள் முகம் திருப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், மனம் வலிக்கும்.

முகமும் அப்படித்தான். நம் தொடர்களில் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி வருகிறது. அடுத்த நொடியிலிருந்து புது முகம் பழைய பெயருக்கு அழுகிறது, சிரிக்கிறது, நாமும் கூடவே போய்விடுகிறோம். அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களிலும் இந்த வேடத்தில் இனி இன்னார் நடிக்கிறார் என்று ஒரு குரல் அறிவித்துவிட்டுப் போகும். அந்த ஒரு வரி போதும். பார்வையாளர்கள் கணக்குப் பிள்ளைகள் என்ற குற்றச்சாட்டு எவ்வளவு தவறு என்பதற்கு இதுவே சாட்சி. முகத்தையே விட்டுக்கொடுக்கிறவர்கள் எதை விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள் என்றுதான் எழுதுகிறவர்கள் பார்க்க வேண்டும்.

முகத்தை விட்டுக்கொடுப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பழைய நடிகர் திரும்பி வரும்போது அந்த எல்லை தெரியும். 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' தொடரில் ரோமன் பிரேடி என்ற போலீஸ்காரனாக வேய்ன் நார்த்ரப் 1981 முதல் 1984 வரை நடித்தார். ரோமன் இறந்துவிட்டான் என்று எல்லோரும் நம்பினார்கள். 1986-ல் நினைவிழந்த ஒருவன் வந்தான், நடித்தவர் டிரேக் ஹோகஸ்டின். முகம் மாற்று அறுவைச் சிகிச்சைக்கு ஆளான ரோமன்தான் அவன் என்றார்கள். மனைவி மார்லீனா அவனை மறுபடியும் மணந்தாள். பிள்ளைகள் அவனை அப்பா என்றார்கள். ஐந்து ஆண்டுகள் போயின. 1991-ல் நார்த்ரப் திரும்பி வந்தார். அசல் ரோமன் இவன்தான், அவன் மூளைச்சலவை செய்யப்பட்ட ஜான் பிளாக் என்று ஆகிவிட்டது.

என் அளவுகோலின்படி இது தவறான பக்கத்தில் விழ வேண்டும், ஏனென்றால் ஐந்து ஆண்டுக் கதையின் அடித்தளத்தையே மாற்றியது. ஆனாலும் விழவில்லை, காரணம் அவர்கள் அடுத்துச் செய்த காரியம். அந்த ஐந்து ஆண்டுகள் நடக்கவில்லை என்று சொல்லவில்லை. நடந்தது, எல்லோருக்கும் நினைவிருக்கிறது, ஆனால் அவன் அவனில்லை, இனி என்ன செய்வது என்று கேட்டார்கள். பிள்ளைகளை வளர்த்தவன் ஒருவன், பெற்றவன் ஒருவன். மார்லீனா இருவரையும் நேசித்தது உண்மை. ஜானுக்கோ தன் பெயர் என்று நம்பியதும் போயிற்று, குடும்பம் என்று நம்பியதும் போயிற்று. அடுத்து வந்த பல ஆண்டுகளின் கதை அந்த வலியிலிருந்து கிளம்பியது. அசல் ரோமனைவிட இந்த ஜானைத்தான் பார்வையாளர்கள் மனத்தில் வைத்துக்கொண்டார்கள்.

இதே சூத்திரத்தை 'ஒன் லைஃப் டு லிவ்' 2011-ல் டாட் மேனிங்குக்குப் போட்டது. எட்டு ஆண்டுகள் டாட் என்று பார்த்தவன் அவனுடைய இரட்டைச் சகோதரன் என்றார்கள். 2017-ல் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' ஜேசன் மார்கனுக்குப் போட்டது. ஸ்டீவ் பர்ட்டன் திரும்பி வந்தார். 2014 முதல் ஜேசனாக வாழ்ந்தவன் ட்ரூ என்ற இரட்டையன் ஆனான். மூன்றிலும் வழி ஒன்றுதான். தோற்றுப்போனவனை, அதாவது இத்தனை ஆண்டு நம்மோடு இருந்துவிட்டு இப்போது போலி என்று தள்ளப்பட்டவனை, தொடர் எப்படி நடத்துகிறது என்பதை வைத்தே நான் தீர்ப்புச் சொல்வேன். அவனோடு நாம் கழித்த நாட்களுக்கு மதிப்புக் கொடுத்தால் தொடர்ச்சி அறுபடவில்லை.

இறந்தவர் திரும்புவதற்கும் ரசிகர்களிடையே ஒரு எழுதாத சட்டம் உண்டு. உடலைப் பார்க்காதவரை சாவை நம்பாதே என்பது அது. ஆஸ்திரேலியாவின் 'நெய்பர்ஸ்' தொடரில் ஹெரால்டு பிஷப் 1991-ல் கடலில் அடித்துச் செல்லப்பட்டார். பாறையில் அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும் கிடந்தது. 1996-ல் நினைவிழந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டார். கண்ணாடி மட்டும் கிடந்ததால் வழி திறந்தே இருந்தது. யாரும் ஏமாற்றப்பட்டதாக உணரவில்லை. பிரிட்டனின் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் கேத்தி தென்னாப்பிரிக்காவில் கார் விபத்தில் இறந்ததாக 2006-ல் செய்தியாக மட்டும் வந்தது. 2015 பிப்ரவரி 19 அன்று, தொடரின் 30-ஆம் ஆண்டு நிறைவு நேரலை எபிசோடில் அவள் உயிரோடு வந்து நின்றாள்.

அந்த எபிசோடின் சிலிர்ப்பை மறக்க முடியாது. ஆனால் மறுநாளே ஒரு கேள்வி கிளம்பியது, நியாயமான கேள்வி. தாய் செத்துவிட்டாள் என்று பிள்ளைகள் ஒன்பது ஆண்டுகள் துக்கம் சுமந்ததைப் பார்த்தோமே. பிள்ளைகளுக்காக உயிரை விடும் கேத்தி, உயிரோடு இருந்துகொண்டே அவர்களை அப்படி விட்டுவைப்பாளா? இங்கே சட்டப்படி எல்லாம் சரி. உடலைக் காட்டவில்லை, தேதி இடிக்கவில்லை. குணம் இடிக்கிறது. என் அளவுகோலுக்கு நான் பின்னால் சேர்த்துக்கொண்ட இரண்டாம் பாதி இது. காட்டாத இடத்தை நிரப்பலாம், ஆனால் நிரப்புகிற செயலைச் செய்யக்கூடிய ஆளாக அந்தப் பாத்திரம் இருக்க வேண்டும். லாரா ஒரு ரகசியத்தைப் பயத்தில் மறைப்பாள் என்று நம்ப முடிந்தது. கேத்திக்கு அந்த நம்பிக்கையை உண்டாக்க, அவளை மிரட்டி வைத்திருந்த கணவனின் கதை தேவைப்பட்டது. அது போதுமா என்பதில் இன்றும் இரண்டு கருத்து உண்டு.

அமெரிக்க இரவுநேரத் தொடரான 'டல்லஸ்' கதையை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். பாபி யூயிங் 1985-ல் இறந்தான். 1986 மே மாதம் பருவத்தின் கடைசிக் காட்சியில் அவன் முன்னாள் மனைவி பேம் காலையில் விழித்து, தண்ணீர் விழும் சத்தம் கேட்டு, குளியலறைக் கதவைத் திறக்கிறாள். பாபி திரும்பிப் பார்க்கிறான். செப்டம்பரில் விளக்கம் வந்தது. நடுவில் போன 31 எபிசோடுகளும் பேம் கண்ட கனவு. எல்லோரும் இதோடு கதையை முடித்துவிடுவார்கள். என்னைக் கவர்ந்தது பக்கத்து வீட்டில் நடந்தது. 'டல்லஸ்' தொடரிலிருந்து கிளைத்த 'நாட்ஸ் லாண்டிங்' தொடரில் பாபியின் அண்ணன் கேரி வாழ்ந்துகொண்டிருந்தான். அங்கே பாபியின் சாவு வந்து சேர்ந்திருந்தது, அவனுக்காக அழுதிருந்தார்கள், கேரியின் முன்னாள் மனைவி வேலீன் தன் குழந்தைக்கு அவன் பெயரையே வைத்திருந்தாள். கனவு என்று இங்கே அறிவித்ததும் அங்கே என்ன செய்வது? 'நாட்ஸ் லாண்டிங்' எழுதியவர்கள் எதையும் மாற்றவில்லை. பாபி உயிரோடு இருப்பதைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. இரு தொடருக்கும் இடையே இருந்த போக்குவரத்து நின்றுபோனது. ஒரே குடும்பம் இரண்டு உலகமாகப் பிரிந்தது. தங்கள் பார்வையாளர்கள் அழுத அழுகையை அடுத்த வீட்டுக் கனவுக்காக அவர்கள் திருப்பி வாங்கவில்லை. அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

எழுத்தாளர்கள் ஏன் கவனமில்லாமல் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். கவனமின்மை என்பது பெரும்பாலும் சரியான சொல் இல்லை. வாரம் ஐந்து மணி நேரம் நிரப்ப வேண்டிய வேலை அது. தலைமை எழுத்தாளர் பல மாதக் கதையைத் திட்டமிடுவார். வேறு சிலர் அதை நாள்வாரியாகப் பிரித்துக் காட்சிச் சுருக்கம் எழுதுவார்கள். வசனம் எழுதுவது இன்னும் சிலர். ஒரே வாரத்தின் ஐந்து எபிசோடுகளை ஐந்து கைகள் எழுதும். தலைமை எழுத்தாளர் சில ஆண்டுகளில் மாற்றப்படுவார். புதியவர் தம் முன்னோர் போட்ட முடிச்சைப் பாதியில் அறுத்துவிட்டுத் தம் கதையைத் தொடங்குவார். 1988-லும் 2007-08-லும் அமெரிக்க எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கதையை வேறு ஆட்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

பழையதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்றால், பார்க்கப் பழையது இருக்க வேண்டும். 'ஆஸ் த வேர்ல்டு டர்ன்ஸ்' 1956-ல் தொடங்கி 1975 வரை நேரலையாகவே ஒளிபரப்பானது. ஒளிப்பதிவு நாடா விலை கூடியது என்பதால் அந்தக் காலத்தில் நாடாவை அழித்து அதன்மேலேயே அடுத்ததைப் பதிவு செய்வது வழக்கம். அறுபதுகளிலும் எழுபதுகளின் முற்பகுதியிலும் வந்த பகல்நேர எபிசோடுகளில் பெரும்பகுதி இப்படித்தான் இல்லாமல் போனது. 'கைடிங் லைட்' 1937-ல் வானொலியில் தொடங்கி, 1952-ல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 செப்டம்பரில் முடிந்தது. எழுபத்திரண்டு ஆண்டுகள். கடைசிக் காலத்தில் அதில் வேலைக்குச் சேர்ந்த ஓர் எழுத்தாளர், இருக்கிற எபிசோடுகளை மட்டும் பார்க்க உட்கார்ந்தாலும் எழுதுவதற்கு நேரம் கிடைத்திருக்காது. இதற்கு மாறாக, பிரிட்டனின் 'கரோனேஷன் ஸ்ட்ரீட்' தன் பழைய எபிசோடுகளைக் காப்பாற்றி வைத்தது. பழைய கதையைத் தேடி எடுத்துத் தருவதற்கென்றே ஆவணக் காப்பாளரை வேலைக்கு வைத்தது. 1960 டிசம்பர் 9 அன்று வந்த முதல் எபிசோடிலிருந்து கென் பார்லோவாக வில்லியம் ரோச் நடிக்கிறார். அப்படி ஒருவர் படப்பிடிப்புத் தளத்தில் இருக்கும்போது கதையை மறப்பது அவ்வளவு எளிது இல்லை.

ஆனால் எரிகா விஷயத்தில் மறதி என்ற சமாதானம் செல்லாது. மறந்தவர்கள் 1973-க்குப் போய் அந்த மருத்துவரைத் தேடிப் பிடித்திருக்க மாட்டார்கள். நன்றாகத் தெரிந்துதான் செய்தார்கள். ஆகவே ஒரு முரணைக் கண்டதும் 'படிக்காமல் எழுதிவிட்டார்கள்' என்று தொடங்காதீர்கள். தெரியாமல் வந்த பிழை வேறு, தெரிந்து செய்த அழிப்பு வேறு. முதலாவதை ஒரு வரி வசனத்தில் சரிசெய்துவிடலாம். கோபத்தை இரண்டாவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாதத்தில் இறங்கும்போது சாட்சியங்களுக்கும் ஒரு வரிசை வேண்டும். திரையில் நடந்ததாகக் காட்டியது முதல். பாத்திரங்கள் வாயால் சொன்னது அதற்கு அடுத்தபடி, அதுவும் சொன்னவர் யார் என்று பார்த்துத்தான். இந்தத் தொடர்களில் எல்லோரும் பொய் சொல்கிறவர்கள். குழந்தையின் தகப்பன் யார் என்று ஒரு பாத்திரம் சத்தியம் செய்ததை வைத்துக் கதை முரண்படுகிறது என்று வாதாடக் கூடாது, அந்தப் பாத்திரம் பொய் சொன்னது என்பதுதான் எளிய விடை. பத்திரிகைக் கதைச்சுருக்கமும் தயாரிப்பாளரின் பேட்டியும் கடைசியில்தான் வரும். நினைவுக் காட்சிகளில் கூடுதல் கவனம் தேவை. பழைய காட்சியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்களா, புது நடிகரை வைத்து மறுபடி எடுத்தார்களா என்று பாருங்கள். மறுபடி எடுத்ததில் ஒரு வசனத்தைச் சேர்த்து, அதுவே ஆதியில் இருந்ததைப் போல நம் நினைவில் பதியவைத்துவிடுவார்கள்.

நம் நினைவும் நம்பத்தக்கது இல்லை என்பதை அனுபவத்தில் கற்றேன். ஒரு பாத்திரம் தன் தங்கையின் கல்யாணத்தில் மயங்கி விழுந்த காட்சி எனக்கு அவ்வளவு தெளிவாக நினைவிருந்தது. அவள் கையிலிருந்த பூங்கொத்தின் நிறம்கூடச் சொல்வேன். பழைய எபிசோடு கிடைத்தபோது போட்டுப் பார்த்தேன். அவள் மயங்கவில்லை. வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டு, பூங்கொத்தை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். மயங்கி விழுந்ததாக ஓராண்டு கழித்து வேறொருத்திதான் சொல்கிறாள். அந்தச் சொல்லை என் மனம் காட்சியாக்கி வைத்திருந்தது. அன்றிலிருந்து, எபிசோடைத் திரும்பப் பார்க்காமல் நான் எந்தச் சண்டையிலும் இறங்குவதில்லை.

பழைய கதையைத் திருத்துவது எப்போதுமே அழிப்பாகத்தான் முடியுமா என்றால், ஒரு தொடர் தன் பழைய அழிப்பைத் தானே திருத்திக்கொண்ட சம்பவம் ஒன்று உண்டு. மறுபடியும் லூக், லாராதான்.

1979 அக்டோபரில், இரவில் மூடிய டிஸ்கோவில் லூக் லாராவைப் பலாத்காரம் செய்தான். திரையில் அப்படித்தான் வந்தது. அந்தச் சொல்லும் வந்தது. பிறகு இருவரையும் காதலர்களாக்கினால் கூட்டம் கூடும் என்று தெரிந்தது. அன்று நடந்தது ஒருவகை மயக்கம், காதலின் தொடக்கம் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லை மாற்றினார்கள். 3 கோடிப் பேர் பார்த்த கல்யாணம் அந்த மாற்றத்தின் மேல் கட்டியதுதான். அந்த எபிசோடை நேரில் பார்த்த பெண்கள் பலருக்கு அது தொண்டையில் முள்ளாகவே நின்றது. அதைச் சொன்னால், பழையதைக் கிளறாதே, அழகான காதல் கதையைக் கெடுக்காதே என்ற பதில்தான் கிடைத்தது.

1998-ன் தொடக்கத்தில் எலிசபெத் என்ற பதின்வயதுப் பெண் பலாத்காரத்துக்கு ஆளாகிறாள். பனியில் கிடந்தவளைக் கண்டெடுத்து, மாதக்கணக்கில் பக்கத்தில் இருந்து தேற்றுகிறவன் லக்கி, லூக்குக்கும் லாராவுக்கும் பிறந்த மகன். அப்பாவைத் தெய்வமாக நினைப்பவன். அந்த ஆண்டிலேயே அவனுக்கு 1979 தெரியவருகிறது. சொல்வது நிக்கலஸ், அந்த இருட்டறையிலிருந்து வந்த அதே அண்ணன். லக்கி அப்பாவின் முன்னால் போய் நிற்கிறான். எலிசபெத் எழுந்து நடமாட எவ்வளவு நாளாயிற்று என்று பக்கத்திலிருந்து பார்த்தவனிடம், மயக்கம், காதலின் தொடக்கம் என்ற பழைய சொற்கள் எதுவும் எடுபடவில்லை. லூக்கும் லாராவும் உட்கார்ந்து அந்த இரவைப் பற்றிப் பேச வேண்டிவந்தது, அதன் சரியான பெயரைச் சொல்லி. நடித்தவர்கள் அதே ஆந்தணி கியரியும் ஜீனி ஃபிரான்சிஸும்தான். 1979-ல் அந்த எபிசோடைப் பார்த்தவர்கள் பத்தொன்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை, அன்று அந்தத் தொடரே தன் வாயால் சொன்னது.